தாராபுரம் பக்கம் தோட்டத்து வீடு: மேற்கு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி தேவையா?

தோட்டத்துப்பையன்:
வணக்கம்ங்க. தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலேயே வீடு கட்டுகிறோம். ஒரே தளம், 1,350 சதுர அடி. மேலே கான்கிரீட் போட்டாயிற்று, அடுத்தது ஜன்னல். மொத்தம் பதினொன்று. அதில் இரண்டு, 5க்கு 4 அடி, நேர் மேற்கே பார்த்தவை. படுக்கையறை கன்னி மூலையில்தான் வர வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் ஒரே பிடி.

அப்பா மூன்று வருஷத்துக்கு முன்பே வேப்ப மரம் அறுத்துக் காயப்போட்டு வைத்திருக்கிறார். "நம்ம மரம் இருக்க பிளாஸ்டிக் எதுக்கு" என்கிறார். கடைக்காரரோ பதினொன்றுக்கும் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) ஸ்லைடிங், இரட்டைக் கண்ணாடி (நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி) போட்டால் வீடு ஊட்டி மாதிரி இருக்கும் என்கிறார். கொட்டேஷனைப் பார்த்த அப்பா சொன்னது: "ரெண்டு ஜன்னலுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம்." ஏசி படுக்கையறைக்கு மட்டும்தான். சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும் அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

காத்தாடி உடுமலை:
தம்பி, நான் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தோட்டத்தில் இருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் இதே ஊட்டிக் கதையைக் கேட்டு மேற்குப் பக்கம் இரட்டைக் கண்ணாடி ஸ்லைடிங் போட்டவன்.

மூன்றாவது வருஷம் ஒரு நாள் காலையில் எழுந்தால் கண்ணாடி மோர் தெளித்த மாதிரி இருந்தது. உள்ளே துடைத்தேன், வெளியே துடைத்தேன், போகவே இல்லை. ஈரம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்! பிறகுதான் பிரேமின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தேன். தண்ணீர் வெளியே போவதற்கு அங்கே இரண்டு சின்னத் துளைகள் இருக்க வேண்டும். பூச்சு வேலைக்கு வந்தவர் சிமென்டை இழுத்து இரண்டையும் அடைத்துவிட்டிருக்கிறார். மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கி, கண்ணாடியின் ஓரத்து ஒட்டு ஊறிப்போயிருக்கிறது. அதைப் பிரித்துத் துடைக்க வழியில்லை, மொத்தமாக மாற்றத்தான் வேண்டும். மாற்றினேன், காசு என்னுடையதுதான்.

இன்னொன்று, ஸ்லைடிங் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று என்ன சாதாரணமா? நம் பக்கம் சும்மாவா காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள்? ஸ்லைடிங்கில் இடைவெளியை அடைப்பது பிரஷ் மாதிரி ஒரு முடிப்பட்டைதான். புழுதி அதில் ஏறிவிட்டால் ராத்திரி முழுக்க விசில் சத்தம். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலில் கதவு ரப்பரை அமுக்கி மூடும், காற்று நுழையாது. ஆனால் கொக்கி கெட்டியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ ஜன்னல் கதவு பறக்கும்.

சைட் இன்ஜினியர்:
அண்ணா சொன்னது சரி. நான் கண்ணாடிக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

இரட்டைக் கண்ணாடி என்றாலே வெயிலைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன் மேல் விழும் வெயில் சூட்டில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விடும். பூச்சு இல்லாத வெறும் இரட்டைக் கண்ணாடி? அதுவும் 70 சதவீதம் விடும். இரட்டைக் கண்ணாடியின் உண்மையான வேலை குளிரூட்டிய அறைக்குள் வெளிச்சூடு கடத்தப்படாமல் பார்த்துக்கொள்வது. அதில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி குறையும். நேர் வெயிலுக்கு லோ-ஈ என்ற, சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு வேண்டும். அதிலும் நல்ல சோலார் கன்ட்ரோல் (வெயில் சூட்டைத் தடுக்கும்) வகை என்றால் 25 முதல் 40 சதவீதம்தான் உள்ளே வரும்.

பூச்சு இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடிக்கு முன்னால் லைட்டரைப் பற்ற வையுங்கள். இரட்டைக் கண்ணாடியில் சுடரின் நாலு பிம்பம் தெரியும், ஒவ்வொரு கண்ணாடி முகத்துக்கும் ஒன்று. ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் பூச்சு உண்டு. நம் வெயிலுக்கு அந்தப் பூச்சு வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில் இருக்க வேண்டும், அதாவது வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது பிம்பம்.

அப்புறம் சன்ஷேடு. சித்திரையில் மாலை 4.30 மணிக்கு 2 அடி சன்ஷேடின் நிழல் மேற்கு ஜன்னலில் ஏறக்குறைய ஒரு அடிதான் இறங்கும். மீதி மூன்று அடியும் வெயில்தான். அதனால் வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ தென்னந்தடுக்கோ தொங்கவிட்டு, காற்றுக்கு ஆடாமல் கீழே கட்டிவிடுங்கள். உள்ளே திரை போட்டுப் பிரயோஜனம் குறைவு. சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டிருக்கும்.

2018இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய அரசு விதித்தொகுப்பு, வெக்கையும் ஈரமும் உள்ள பகுதிக்குத் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். உங்கள் 20 சதுர அடி ஜன்னலில் திறக்கும் பரப்பு 10 சதுர அடியாகிவிடும்.

ஒன்று கேட்க மறந்தேன், மொட்டை மாடிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? ஒற்றைத் தள வீட்டில் ஜன்னலைவிட மேலிருந்துதான் அதிகச் சூடு இறங்கும். கண்ணாடியில் மிச்சம் பிடிக்கிற காசை வெள்ளை கூலிங் டைல்ஸுக்கு வையுங்கள்.

மயிலாட்டம்:
கண்ணாடி மாதிரி பளபளக்கும் ரிஃப்ளெக்டிவ் மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்கள் தோட்டத்து மயில் தன் பிம்பத்தோடு விடியற்காலை ஐந்தரைக்குச் சண்டைக்கு நிற்கிறது. கீழ்ப்பாதிக்கு இப்போது சாக்குதான் கட்டியிருக்கிறோம்.

தோட்டத்துப்பையன்:
எல்லோருக்கும் நன்றி. இப்படி யோசித்திருக்கிறேன்: படுக்கையறையின் இரண்டுக்கு மட்டும் யுபிவிசி, லோ-ஈ இரட்டைக் கண்ணாடி, கீல் வகை. மற்ற ஒன்பதும் அப்பாவின் வேம்பு, ஒற்றைக் கண்ணாடி. மேற்கே நிழலுக்கு இருபது அடி தள்ளி இரண்டு புங்கன் மரம். பராமரிப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

காத்தாடி உடுமலை:
நல்ல முடிவு. அப்பாவும் சந்தோஷப்படுவார். வேம்பு வெயில் படும் பக்கம் வெடிக்கும், அதனால் பொருத்தும் முன்பே நாலு பக்கமும் பிரைமர் அடித்துவிடச் சொல்லுங்கள். சுவருக்குள் போகும் பக்கத்தை ஆசாரி விட்டுவிடுவார், நின்று பாருங்கள்.

யுபிவிசியில் ஒட்டி வரும் பாதுகாப்பு ஸ்டிக்கரை வேலை முடிந்த கையோடு உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் நகத்தால் சுரண்டினாலும் வராது, நான் சுரண்டியிருக்கிறேன். வருஷத்தில் இரண்டு தடவை ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, கீலுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், புழுதி பசையாகிவிடும். போர் தண்ணீரில் கழுவினால் உடனே துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் உப்புத் திட்டு படியும்.

வைகாசி முடிவதற்குள் பிரேமின் அடிப்பள்ளத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே சொட்ட வேண்டும். சொட்டவில்லையா, பழைய டூத் பிரஷ்ஷும் ஈர்க்குச்சியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.