கடலுக்கடியில் மூத்தவரிடம் தவறைச் சுட்டிக்காட்டுவது மரியாதைக் குறைவாகுமா?

தண்டையார்பேட்டைத் தம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு, முதுகில் சுமக்கும் சிலிண்டரின் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா பயிற்சியை முடித்து, 18 மீட்டர் ஆழம் வரை இறங்குவதற்கான சான்றிதழ் பெற்றேன். எண்ணூரிலிருந்து காசிமேடு வரையிலான நம் கரையில் கலங்கலும் கப்பல் போக்குவரத்தும் மிகுதி என்பதால், எங்கள் குழு பெரும்பாலும் புதுச்சேரிக்குச் சென்றுதான் இறங்குகிறது. இதுவரை 14 முறை இறங்கியிருக்கிறேன்.

சென்ற மாதம் எனக்கு ஜோடியாக அமைந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். பல நூறு முறை இறங்கிய அனுபவம் உள்ளவர். குழுவில் அனைவரும் அவரை ‘சார்’ என்றே அழைப்போம். குதிப்பதற்கு முன் ஒருவர் கருவிகளை மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்று நான் அருகில் சென்றபோது, “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வா தம்பி” என்று கூறிவிட்டு அவர் இறங்கிவிட்டார். 16 மீட்டர் ஆழத்தில் கேமராவுடன் ஒரு பாறையிடுக்கில் நின்றவர், என் பக்கம் திரும்பவே இல்லை. சிலிண்டரில் மிஞ்சிய காற்றை ‘பார்’ என்ற அழுத்த அலகில் காட்டும் என் அழுத்தமானி 80 பார் காட்டியதும் அருகில் சென்று காட்டினேன். உள்ளங்கையை விரித்து, பொறு என்றார். 50 ஆனபோதும் அதே உள்ளங்கைதான். நான் தனியாக மேலேறி, பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நிற்க வேண்டிய மூன்று நிமிடமும் தனியாகவே நின்று, 20 பாருடன் படகை அடைந்தேன். பிறகு அவர், “புதியவர்கள் காற்றை அதிகமாக இழுப்பார்கள், போகப் போகச் சரியாகிவிடும்” என்று அனைவர் முன்னிலையிலும் கூறினார். வயதில் மூத்தவர் என்பதால் நான் எதுவும் பேசவில்லை.

அடுத்த மாதமும் அவருடன்தான் செல்லவிருக்கிறேன். அவரை விட்டுவிட்டு மேலேறியது என் தவறா? இதை அவர் மனம் புண்படாதபடி எப்படிச் சொல்வது?

காசிமேட்டுப் படகுக்காரன் எழுதியது:

தம்பி, நீங்கள் மேலேறியது தவறில்லை. உங்களிடம் இருந்த ஒரே குறை, அழுத்தமானியைக் காட்டினீர்களே தவிர கட்டைவிரலை உயர்த்தவில்லை என்பதுதான். கரையில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘நன்று’ என்று பொருள். நீருக்கடியில் அதற்கு ‘மேலேறுகிறோம்’ என்ற பொருள் மட்டுமே உண்டு. அது அனுமதி கேட்கும் சைகை அன்று. காட்டியவர் முதல்நாள் மாணவராக இருந்தாலும், பார்த்தவர் தாமும் அதையே காட்டிவிட்டு உடன் ஏற வேண்டும். காரணம் கேட்பதெல்லாம் படகில் ஏறிய பிறகுதான்.

அந்த ஐயா அனைவர் முன்னிலையிலும் சொன்ன வார்த்தைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். பாறையில் சிக்கிய வலையை மூச்சடக்கிக் குதித்து எடுத்து வருபவனை எங்கள் தெருவில் வீரன் என்பார்கள். என் சித்தப்பா அப்படிப்பட்டவர். ஸ்கூபா பயிற்சியில் நான் முதலில் மறக்க வேண்டியிருந்தது அந்தப் பழக்கத்தைத்தான். மூச்சடக்கி மூழ்குபவர் மேற்பரப்பில் இழுத்த காற்றையே உள்ளே கொண்டு செல்கிறார். அது ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது. சிலிண்டரில் சுவாசிப்பவரோ ஆழத்தின் அழுத்தத்திலேயே நுரையீரலை நிரப்புகிறார். 10 மீட்டரில் நிரப்பிய மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால், அந்தக் காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழிந்துவிடும். ‘காற்றை அதிகமாக இழுக்கிறாய்’ என்று ஒருவரைக் கூசச் செய்தால், அடுத்த முறை அவர் மூச்சைச் சேமிக்கத் தொடங்குவார். யாருக்கு அதிகக் காற்று மிச்சம் என்று படகில் போட்டி போட்டவர்கள், கரியமில வாயு தேங்கித் தலைவலியோடு படுத்துக்கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நம் பக்கக் கடலில் அறுந்து கிடக்கும் நைலான் வலைகள் கலங்கலில் கண்ணுக்குத் தெரியாது. அவை பெரும்பாலும் முதுகுப்புறம், சிலிண்டரின் தலைப்பகுதியில்தான் மாட்டும். அங்கே நம் கை எட்டாது. ஜோடி என்று ஒருவரை அனுப்புவது அந்தக் கைக்காகத்தான். அவர் கேமராவோடு பத்து மீட்டர் தள்ளி நின்றால் உங்களுக்கு ஜோடி இல்லை என்றே பொருள்.

ராயபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

குதிப்பதற்கு முந்தைய சரிபார்ப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதைத் தவிர்த்ததன் பலனை நான் அனுபவித்திருக்கிறேன். நான் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த சிலிண்டர் வால்வை, படகில் உதவிக்கு நின்றவர் என்னிடம் கேட்காமலேயே திருகிவிட்டார். முழுவதும் திறந்து, கால் சுற்றுப் பின்னே திருப்பி வைப்பது பழைய வழக்கம். அவரோ திசை தடுமாறி, முழுவதும் மூடிவிட்டுக் கால் சுற்று மட்டும் திறந்து வைத்துவிட்டார். மேற்பரப்பில் காற்று தாராளமாகவே வந்ததால் எனக்கு ஐயம் எழவில்லை. 12 மீட்டரில், மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும், வாயில் கவ்விச் சுவாசிக்கும் ரெகுலேட்டரில் காற்றை இழுப்பது கடினமானது. அழுத்தமானியின் ஊசி 180இலிருந்து சரசரவென்று 100க்குக் கீழே சரிந்து, மூச்சை விட்டதும் மெல்ல ஏறியது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான காற்று தேவைப்படும். அந்தச் சிறு திறப்பால் அதைத் தர இயலவில்லை. அன்று என் அக்கா மகள் கையெட்டும் தூரத்தில் இருந்தாள். பின்னால் வந்து வால்வைத் திறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஊசியைப் பார்த்தபடியே நான்கு ஆழ்ந்த மூச்சுகளை இழுத்த பிறகுதான் குதிக்கிறேன். ஊசி அசையக் கூடாது. என் வால்வை இனி யாரும் தொட வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

தண்டையார்பேட்டைத் தம்பி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 50 பார் ஆனதும் நான் பதறியது அளவுக்கு மீறியதோ என்ற எண்ணம் மட்டும் இன்னும் இருக்கிறது. 80இலிருந்து 50க்கு வர ஏழெட்டு நிமிடங்கள்தான் ஆயிற்று.

திருவொற்றியூர்ப் பெரியவர் எழுதியது:

தம்பி, நானும் அந்த ‘சார்’ வயதை ஒத்தவன்தான். இருபது ஆண்டுகளாக இறங்குகிறேன். உங்கள் சுவாசத்தில் எந்தக் குறையும் இல்லை. 11 லிட்டர் சிலிண்டரில் 30 பார் என்பது 330 லிட்டர் காற்று. நிமிடத்திற்குப் பதினெட்டு லிட்டர் சுவாசிப்பவருக்கு, 16 மீட்டரின் 2.6 மடங்கு அழுத்தத்தில் அது ஏழு நிமிடங்களுக்குத்தான் வரும்.

அந்தக் கடைசி 50 பார் உங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணாதீர்கள். அது 550 லிட்டர். உங்கள் ஜோடியின் காற்று தீர்ந்து இருவரும் ஒரே சிலிண்டரில் சுவாசிக்க நேர்ந்தால், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்திற்கு முப்பது லிட்டர் ஆகும். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறுவதற்கும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதற்கும் ஏறத்தாழ 490 லிட்டர் செலவாகிவிடும். அன்று 50 பாரில் உங்களைப் பொறு என்றவர், தமக்கான காற்றையும் சேர்த்தே செலவழித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு குணம் உண்டு. நீருக்கடியிலோ, பலர் முன்னிலையிலோ தவறைச் சுட்டினால் ஏற்க மாட்டோம். கரையில் தனியாகக் கேள்வியாகக் கேட்டால் மறுக்க மாட்டோம். எனவே கடற்கரையில் தேநீர் குடிக்கும்போதே, “சார், எத்தனை பாரில் திரும்புவோம்? நூறு என்று வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டுவிடுங்கள். எண்ணை அவர் வாயால் சொல்ல வையுங்கள். ஒரு நிமிடம் தேடியும் ஒருவரையொருவர் காணவில்லையென்றால் இருவரும் மேலே வந்துவிடுவது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். அதற்கும் அவர் இணங்கவில்லையென்றால், படகு புறப்படும் முன்பே வேறு ஜோடி தரும்படி வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

தண்டையார்பேட்டைத் தம்பி எழுதியது:

ஐயா, நேற்றே அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார், பிறகு, “நூறு போதுமா, நூற்றிருபது என்று வைத்துக்கொள்வோமா?” என்று கேட்டார். நூற்றிருபது என்று முடிவு செய்திருக்கிறோம்.