9 மி.மீ. பாலிமர் பிஸ்டல்: காலிக் கூடு சிக்குகிறது, ஸ்லைடு பின்னால் நிற்பதில்லை

வெண்கலம்:
முழு அளவு 9 மி.மீ. பிஸ்டல். பாலிமர் (பிளாஸ்டிக்) பிரேம், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியில் அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) வகை. பிராண்ட் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதினால் பதில்கள் எந்தப் பக்கம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதுவரை சுமார் 3,200 ரவுண்ட் ஓடியிருக்கிறது. 2,500 வரை ஒரு தடங்கலும் இல்லை. இப்போது மூன்று கோளாறுகள்:

1. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே போகாமல் ஸ்லைடு (குழலுக்கு மேல் முன்பின் ஓடும் பாகம்) வாயில் நிமிர்ந்து நின்று சிக்குகிறது. 100 ரவுண்டுக்கு 4, 5 முறை.
2. கடைசித் தோட்டா போன பிறகு ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்பதில்லை. மூன்று மேகசினுக்கு (தோட்டாப் பெட்டி) ஒரு முறையாவது இப்படி ஆகிறது.
3. எப்போதாவது ட்ரிகரை இழுத்தால் 'டிக்' சத்தம் மட்டும். ஸ்லைடை இழுத்து விட்டால் அடுத்த தோட்டா வெடிக்கிறது.

தோட்டா ஆலையில் செய்த 115 கிரெய்ன் (குண்டின் எடை) பயிற்சி வகை. மேகசின் மூன்று, அதில் ஒன்று வேறு நிறுவனத்துடையது. குழலுக்குக் கீழே பிரேமில் உள்ள ரெயிலில் விளக்கு பொருத்தியிருக்கிறேன். சுட்ட பிறகு ஒவ்வொரு முறையும் துடைத்து, தாராளமாக எண்ணெய் விடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

க்ளாக்நேசன்:
கைதான் காரணம் அண்ணே. பாலிமர் பிஸ்டல் சிக்குதுன்னு வர்ற பத்து கேள்வியில ஒன்பது பிடிமான விஷயம். மணிக்கட்டைத் தளர விட்டா எந்தத் துப்பாக்கியும் இப்படித்தான் பண்ணும். இந்த வகையில க்ளாக் 17 பிஸ்டல் 1982ல ஆஸ்திரிய ராணுவத்துல நுழைஞ்சது. 2013ல பிரிட்டிஷ் ராணுவம் பிரவுனிங் ஹை-பவர் பிஸ்டலை ஓரம் வச்சுட்டு க்ளாக் 17-க்கு மாறுச்சு. சும்மா மாறுவாங்களா? இறுக்கிப் பிடிச்சுச் சுட்டுப் பாருங்க.

அச்சாணி:
பிடிமானம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 2,500 ரவுண்ட் வரை அதே கைதானே சுட்டது? கை அப்படியே இருக்க, கோளாறு மட்டும் புதிதாக வந்திருக்கிறது. நடுவில் எதையோ மாற்றியிருக்கிறீர்கள்.

வெண்கலம், முதலில் 1, 2 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நோய். ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகவில்லை. கூடு எஜெக்டரில் (கூட்டை வெளியே தட்டிவிடும் முனை) மோதித் தெறிப்பதற்கு வேகம் போதவில்லை, அதனால் வாயில் நிற்கிறது. ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் பூட்டும் நெம்பு) ஏறிப் பிடிக்கும் இடம் வரை வராததால் காலி மேகசினில் பூட்டவில்லை. 3 வேறு விஷயமாக இருக்கலாம்.

இப்படி ஆவதற்கு நான்கு வழிகள்தான்: தோட்டாவின் வலு குறைவு, பிடிமானம் தளர்வு, ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளுவது) அளவுக்கு மீறிய பலம், அல்லது ஸ்லைடு ஓடும் ரெயிலில் உராய்வு. 2,500-க்குப் பிறகு எந்த உதிரியைத் தொட்டீர்கள்? தோட்டா மாறியதா? விளக்கு எப்போது வந்தது? 'மேம்பாடு' என்று நினைத்துச் செய்ததையும் சொல்லுங்கள். அதைத்தான் எல்லோரும் சொல்லாமல் விடுவார்கள்.

வெண்கலம்:
தோட்டா அதேதான். விளக்கு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 2,500-இல் பிளாஸ்டிக் கைட் ராடை (ரீகாயில் ஸ்பிரிங்கின் உள்ளே இருக்கும் தண்டு) எடுத்துவிட்டு எஃகு கைட் ராட் போட்டேன். அதோடு வந்த ஸ்பிரிங் 20 பவுண்டு என்று பெட்டியில் இருந்தது. பழையது 17. உதைப்பு குறையும் என்று படித்தேன். இதனால் கெடும் என்று நினைக்கவில்லை, பாலிமர் பிஸ்டல் எதைப் போட்டாலும் ஓடும் என்றுதானே சொல்கிறார்கள்.

அச்சாணி:
அகப்பட்டது. 17 பவுண்டு என்பது ஏறத்தாழ 7.7 கிலோ, 20 என்பது 9.1 கிலோ. 115 கிரெய்ன் பயிற்சித் தோட்டா பெரும்பாலும் மென்மையாக நிரப்பப்படுவது. அந்த உந்தத்தில் பெரும்பங்கை ஸ்பிரிங்கே தின்றுவிட்டால் ஸ்லைடு பாதி வழியில் திரும்பும்.

ஆனாலும் ஊகத்தோடு நிறுத்த வேண்டாம். ஒற்றைத் தோட்டா சோதனை செய்யுங்கள்:

மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டு, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏற்றிச் சுடுங்கள். ஸ்லைடு பின்னால் பூட்டி நின்றால் முழுத் தூரம் போயிருக்கிறது. இதை ஒவ்வொரு மேகசினிலும் 10 முறை செய்து எண்ணிக்கையை எழுதுங்கள். பிறகு பழைய 17 பவுண்டு ஸ்பிரிங்கைப் போட்டு அதே சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாது.

சோதனையின்போது வலது கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் மேல் படாமல் பாருங்கள். இரு கட்டைவிரலும் முன்னோக்கி நீட்டிப் பிடிப்பவர்களுக்கு இது சகஜம். விரல் லேசாக அழுத்தினாலே ஸ்டாப் மேலே ஏறாது, துப்பாக்கி மேல் பழி விழும்.

மேகசின்களின் அடித்தட்டில் 1, 2, 3 என்று பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். எண் இல்லாத மேகசினை வைத்துக்கொண்டு கோளாறு தேடுவது வீண் வேலை.

சுருள்வில்:
'டிக்' பற்றி. இதில் அவசரப்படாதீர்கள். சத்தம் மட்டும் வந்தால் குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிதுதான், ஆனால் ஸ்லைடைத் திறந்த கையில் வெடித்தால் விரல் போகும். பிறகு ஸ்லைடை இழுத்து, வெளியே விழுவதைப் பாருங்கள். மூன்றில் ஒன்றுதான் இருக்க முடியும்:

எதுவும் விழவில்லை என்றால் சேம்பர் காலியாக இருந்தது. ஸ்லைடு தோட்டாவை எடுக்காமலே அதன் தலைக்கு மேல் ஓடிப் போய் மூடியிருக்கிறது. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது மீண்டும் அதே குறை ஓட்டம்.

பிரைமரில் (தோட்டாவின் அடியில் அடிபட்டுத் தீப்பற்றும் மூடி) நல்ல ஆழமான குழி இருந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டா பழுது.

குழி மேலோட்டமாக இருந்தால் ஸ்ட்ரைக்கர் பலமாக அடிக்கவில்லை. பலம் குறைந்த ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஸ்ட்ரைக்கர் ஓடும் துளையைப் பாருங்கள். 'தாராளமாக எண்ணெய்' என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. அந்தத் துளைக்குள் எண்ணெய் போகவே கூடாது. பித்தளைத் தூளும் கரியும் எண்ணெயோடு சேர்ந்து பசையாகி ஸ்ட்ரைக்கரைப் பிடித்து இழுக்கும்.

இந்த வகைக்கு எண்ணெய் சொட்டுக் கணக்குதான். ஸ்லைடின் ரெயில் பள்ளங்களில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, குழலின் மேல்புறம் ஸ்லைடில் உரசும் இடத்தில் தடவல், ட்ரிகர் பாரின் (ட்ரிகரின் அசைவைப் பின்னே கொண்டுபோகும் தகடு) பின்முனை கனெக்டர் என்ற சிறு தகட்டைத் தொடும் மூலையில் ஒரு சொட்டு. அந்தக் கடைசிச் சொட்டைத்தான் பலர் மறப்பார்கள், அது இல்லாவிட்டால் ட்ரிகர் கரகரக்கும். சேம்பர், மேகசின் உட்புறம், ஸ்ட்ரைக்கர் துளை மூன்றும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

இன்னொன்று, 'டிக்' இல்லாமல் 'புஸ்' என்று சன்னமான சத்தம் வந்தால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். இறக்கி, கழற்றி, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

க்ளாக்நேசன்:
20 பவுண்டு ஸ்பிரிங்கா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் மணிக்கட்டு விஷயத்தை நான் விட மாட்டேன்.

அச்சாணி:
விட வேண்டாம், கணக்கு உங்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்லைடு பின்னால் போகும்போது அதற்கு எதிரே பிரேம் அசையாமல் நிற்க வேண்டும். பிரேமும் சேர்ந்து பின்னால் போனால் இரண்டுக்கும் இடையிலான ஓட்டம் சுருங்கும். 1911 வகை எஃகு பிஸ்டல் காலியாகவே சுமார் 1,100 கிராம், அந்தக் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். க்ளாக் 17 மேகசின் இல்லாமல் சுமார் 630 கிராம், அதிலும் பெரும்பகுதி மேலே ஸ்லைடில் இருக்கிறது. கைதான் மிச்ச எடை.

ஒரு 9 மி.மீ. தோட்டா ஏறத்தாழ 12 கிராம். 17 தோட்டா என்றால் 200 கிராம். நிறைந்த மேகசினோடு ஒழுங்காக ஓடும் பிஸ்டல், கடைசி மூன்று நான்கு தோட்டாவில் சிக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கைப்பிடிக்குள் இருந்த கனம் கரைந்துவிட்டது. பலமான ஸ்பிரிங், மென்மையான தோட்டா, லேசான பிரேம், சோர்ந்த கை, இவை தனித்தனியாக வந்தால் பாலிமர் பிஸ்டல் தாங்கிக்கொள்ளும். நீங்கள் முதல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

பிசிறு:
விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. .40 காலிபர் க்ளாக் 22 மூன்றாம் தலைமுறையில் விளக்கு பொருத்தியதும் தோட்டா ஏறுவதில் தடங்கல் வந்தது பலருக்கும் தெரிந்த கதை. 10 சுருள் சுற்றுள்ள மேகசின் ஸ்பிரிங்குக்குப் பதிலாக 11 சுற்றுள்ளதைப் போட்ட பிறகு அடங்கியது. 9 மி.மீ.யில் இது அபூர்வம். என்றாலும் ஒற்றைத் தோட்டா சோதனையை விளக்கைக் கழற்றியும் ஒருமுறை செய்தால் அந்தச் சந்தேகமும் தீரும்.

வெண்கலம்:
முடிவுகள். 115 கிரெய்ன், விளக்குடன், மேகசின் எண் 1:
20 பவுண்டு ஸ்பிரிங்: 10-க்கு 6 முறை பூட்டியது.
17 பவுண்டு, ஆலையில் வந்தது: 10-க்கு 10.
124 கிரெய்ன் தோட்டாவோடு 20 பவுண்டு: 10-க்கு 9.
விளக்கைக் கழற்றியதில் வித்தியாசம் இல்லை.

பிறகு 17 பவுண்டோடு 150 ரவுண்ட் சுட்டேன். கூடு சிக்கவே இல்லை. 'டிக்' நான்கு முறை வந்தது. மூன்று முறை சேம்பர் காலி, மூன்றுமே மேகசின் எண் 3, கடைசித் தோட்டாக்களில். அதுதான் வேறு நிறுவனத்துடையது. நான்காவதில் பிரைமரில் மெல்லிய குழி. ஸ்ட்ரைக்கரைக் கழற்றினால் துளைக்குள் கறுப்பு மை போல வழிந்தது.

சுருள்வில்:
துளையைப் பஞ்சுக் குச்சியால் கறுப்பு வராத வரை துடைத்து, உலரவிட்டு, எண்ணெய் இல்லாமலே பூட்டுங்கள். ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு அரைவட்டக் கிண்ணங்கள் தவறிப் பறக்கும், ஒரு தட்டின் மேல் வைத்து வேலை செய்யுங்கள்.

எண் 3-இன் ஸ்பிரிங்கை எடுத்து எண் 1-இன் ஸ்பிரிங் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரே கொள்ளளவு, ஒரே சுற்று எண்ணிக்கை என்றால் உயரம் பேசும். இரண்டு சுற்று அளவுக்குக் குட்டையாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். மேகசினின் மேல்வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடுகள் விரிந்திருக்கிறதா என்றும் கேலிப்பரால் அளந்து எண் 1-உடன் ஒப்பிடுங்கள்.

17 பவுண்டு ஸ்பிரிங்கும் 3,000-ஐ எட்டப் போகிறது. தளர்ந்தால் நோய் தலைகீழாகும்: கூடு வெகுதூரம் பறக்கும், ஸ்லைடு முழுதாக மூடாமல் ஓரிரு மி.மீ. விட்டு நிற்கும். சோதிக்க: மேகசினை எடுத்து, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்த்து, குழலைப் பத்திரமான திசையில் மேல்நோக்கி 45 பாகையில் பிடியுங்கள். ட்ரிகரை இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு, ஸ்லைடை முழுதாகப் பின்னிழுத்து, கையோடு மெதுவாக முன்னே விடுங்கள். தானாக முழுதும் மூடினால் ஸ்பிரிங் போதும். வழியில் நின்றால் புதிது போடுங்கள். ஒற்றை ஸ்பிரிங் என்றால் 3,000 முதல் 5,000-க்குள், இரட்டை ஸ்பிரிங் தொகுதி அதைவிடக் கூடுதலாக உழைக்கும்.

பிசிறு:
க்ளாக்நேசனுக்கு ஒரு வார்த்தை, சண்டைக்கு இல்லை. 'சிக்கினால் தோட்டா சரியில்லை, சிக்காவிட்டால் துப்பாக்கி நல்லது' என்று வைத்துக்கொண்டால் எந்தத் துப்பாக்கியும் குற்றவாளி ஆகாது. பாலிமர் பிரேமை 1970-இலேயே ஹெக்லர் அண்டு காக் விபி70-இல் கொண்டுவந்தது. அதற்கு இப்படி ஒரு பக்தர் கூட்டம் சேரவில்லை. ஆக, பக்தி பாலிமருக்கு இல்லை, பெயருக்கு. அந்தப் பெயரிலும் 2010-இல் நான்காம் தலைமுறை இரட்டை ரீகாயில் ஸ்பிரிங்கோடு வந்தபோது, ஆரம்பகால 9 மி.மீ. பிஸ்டல்கள் சிலவற்றில் கூடு வெளியேறுவதில் கோளாறு இருந்தது. 2011-இல் நிறுவனமே ஸ்பிரிங் தொகுதிகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. வெண்கலத்தின் கோளாறுக்கு உடன்பிறப்பு.

வேறு பெயர் வேண்டுமா? சிக் சாவர் பி320-ஐ 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. அதே ஆகஸ்டில், சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்து, விற்ற துப்பாக்கிகளுக்கு இலவச மேம்பாடு அறிவித்தார்கள். ராணுவம் எடுத்தது என்பது உங்கள் கையில் இருக்கும் பிஸ்டலுக்குச் சான்றிதழ் ஆகாது.

க்ளாக்நேசன்:
சரி, கேட்டுக்கிட்டேன். ஆனா விசுவாசம்னா வெறும் பக்தி மட்டும் இல்ல. க்ளாக் 17 மேகசின் க்ளாக் 19-லயும் 26-லயும் போகும், அடியில நீட்டிக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். மொத்த உதிரி 34 சொச்சம், முழுசா பிரிக்க 2.4 மி.மீ. பஞ்ச் ஒண்ணு போதும். பத்து வருஷம் கழிச்சும் அதே ஸ்பிரிங் கிடைக்கும். வேற பிராண்டுக்கு மாறினா உறை, மேகசின், உதிரி, கைப்பழக்கம் எல்லாம் புதுசா ஆரம்பிக்கணும். இதையெல்லாம் யோசிச்சுத்தான் ஒரே பெயர்ல நிக்கிறோம்.

அச்சாணி:
இது நியாயம். இந்தக் காரணங்களை முதல் பதிலில் எழுதியிருந்தால் பிசிறு வாயே திறந்திருக்க மாட்டார்.

வெண்கலம், இன்னொரு சோதனை பாக்கி. பிரேமில் பதித்த எஃகு ரெயில் துண்டுகள் நான்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். பாலிமரில் ஸ்லைடு ஓடுவதில்லை, அந்தத் துண்டுகளில்தான் ஓடுகிறது. ஒன்று நெளிந்திருந்தாலோ விரிசல் கண்டிருந்தாலோ அது வீட்டு வேலை இல்லை, தயாரிப்பாளரிடம் போக வேண்டும். எஃகு கைட் ராட் மேல் ஆசை என்றால் அது இருக்கட்டும், அதில் 17 பவுண்டு ஸ்பிரிங் போடுங்கள். கெடுத்தது ராட் இல்லை.

வெண்கலம்:
ரெயில் நான்கும் சுத்தம். 17 பவுண்டு, துளை உலர்வாக, மேகசின் 1, 2 மட்டும்: 200 ரவுண்ட், தடங்கல் இல்லை. எண் 3-இன் ஸ்பிரிங் மூன்று சுற்று குட்டை. புதிது போட்டு ஒற்றைத் தோட்டா சோதனை 10-க்கு 10. ஆனால் முழுதாக நிரப்பிச் சுட்ட ஐந்து முறையில் ஒரு முறை கடைசியில் சேம்பர் காலி.

சுருள்வில்:
அப்படியானால் ஃபாலோயர் (மேகசினுக்குள் தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் தட்டு) சாய்கிறது. அடித்தட்டைக் கழற்றி, விரலால் ஃபாலோயரை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் குனிந்தால் ஆலை ஃபாலோயர் போடலாம், உடலின் அகலம் பொருந்தினால். பொருந்தாவிட்டால் அதன் அடித்தட்டில் பெரிதாக ஒரு 'ப' எழுதிப் பயிற்சிப் பையில் போடுங்கள். தடங்கலைச் சரிசெய்து பழக அப்படி ஒரு மேகசின் தேவைப்படும்.

க்ளாக்நேசன்:
அண்ணே, இப்பவாவது பிராண்ட் பேரைச் சொல்லுங்க.

வெண்கலம்:
மாட்டேன்.