புதுப்பிப்பு: ஏற்காடு - சேலம் வயர்கார்டு டன்னல் சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: ஏற்காட்டில் அப்பாவின் காபித் தோட்டத்து வீட்டில் உள்ள சின்னக் கம்ப்யூட்டரில், டாக்கர் கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) வயர்கார்டு (இரண்டு வீட்டு நெட்வொர்க்கையும் இணையம் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என்.) ஓடுகிறது, சேலம் அஸ்தம்பட்டி வீட்டோடு ஹேண்ட்ஷேக் ஆகிறது (இரு முனையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன), பிங் (சின்னச் சோதனைப் பாக்கெட்) போகிறது, ஆனால் கேமரா பக்கத்தைத் திறந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்று.

காரணம் எம்.டி.யு., அதாவது ஒரே பாக்கெட்டாக அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு. வயர்கார்டைத் தொடங்கும் ஸ்கிரிப்ட், கன்டெய்னருக்குத் தெரிகிற டாக்கர் பிரிட்ஜின் (கன்டெய்னரை வெளியோடு இணைக்கும் உள் நெட்வொர்க்) 1500 பைட்டைப் பார்த்து, அதில் வயர்கார்டு சேர்க்கும் ஹெட்டருக்காக (ஐபிவி6-க்கும் போதும்படி) 80 கழித்து, 1420 என்று தானாக வைத்துக்கொள்கிறது. வெளியே இருப்பதோ மலை மேல் 4ஜி ரவுட்டர், அந்த வழியில் அவ்வளவு பெரிய பாக்கெட் போகாது என்பது உள்ளே இருப்பதற்கு எப்படித் தெரியும்? துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு பிங் அடித்துப் பார்த்தேன், 1372 பைட் வரை போனது, அதற்கு மேல் போகவில்லை. பிங்கின் ஹெட்டர் 28 சேர்த்தால் 1400, ஐபிவி4-இல் வயர்கார்டுக்கான 60 கழித்தால் 1340. இரண்டு பக்க கான்ஃபிகிலும் அதைப் போட்டேன், கேமரா உடனே திறந்தது. சிறிய பிங் போவதை மட்டும் நம்பி மூன்று ராத்திரி ஃபயர்வாலைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், கன்டெய்னருக்கு நெட் அட்மின் அனுமதி (நெட்வொர்க்கை மட்டும் மாற்றும் உரிமை) போதுமா, பிரிவிலேஜ்டு (முழு அனுமதி) தேவையா என்று கேட்டவருக்கு: கன்டெய்னர் ஓடும் கம்ப்யூட்டரின் (ஹோஸ்ட்) லினக்ஸ் கெர்னல் 5.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் வயர்கார்டு பெரும்பாலும் அதிலேயே இருக்கும், நெட் அட்மினே போதும், தயவுசெய்து முழு அனுமதி கொடுக்காதீர்கள். கூடவே ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டை இன்னொன்றுக்குக் கடத்துவது) கன்டெய்னருக்கும் ஆன் செய்யுங்கள். 4ஜி பக்கம் கீப்அலைவ் (இணைப்பு மூடிவிடாமல் அவ்வப்போது அனுப்பும் சின்னப் பாக்கெட்) 25 வினாடிக்கு ஒருமுறை கட்டாயம், இல்லையென்றால் சேலத்திலிருந்து மேலே கூப்பிட முடியாது.

நேற்று மழையிலும் அறுபடவில்லை.