புதுப்பிப்பு: அம்மாக்களின் தியான அட்டவணையில் திருத்தம்

முந்தைய இழையில், அதிகாலை எழுந்து ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசிக்கும் அட்டவணையைக் கொடுத்திருந்தோம். கைக்குழந்தை உள்ள அம்மாக்களுக்கு அது வேண்டாம். 1189 அதிகாரங்களை 365 நாளில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்கணும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் விட்டால் 13 அதிகாரம் பாக்கி. இளைப்பாற வேண்டிய நேரம் கடன் அடைக்கும் நேரமாகிவிடும்.

அதற்குப் பதில் ஆரோகண சங்கீதங்கள், அதாவது எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் சிறு பாடல்கள், சங்கீதம் 120 முதல் 134 வரை. பதினைந்தில் 132 தவிர மற்றதெல்லாம் ஒன்பது வசனத்துக்குள். ஒரு சங்கீதத்தையே வாரம் முழுக்க வையுங்கள். நாள் தவறினாலும் பாக்கி விழாது. 131-இல் தொடங்குங்கள். மூன்றே வசனம். 'தாயின் பால் மறந்த குழந்தை' அதில்தான் வருகிறது. பால் கேட்டு அழாமல், சும்மா மடியில் கிடக்கும் பிள்ளை! இளைப்பாறுதலுக்கு இதைவிட நெருக்கமான படம் அம்மாக்களுக்கு வேறில்லை.

வசனத்தைத் தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். போனில் வாசித்தால் வாட்ஸ்அப் இழுத்துவிடும். குக்கர் விசில் வரும்வரை சங்கீதம் 23-இன் முதல் வசனத்தைச் சொல்லுங்கள்: மூச்சை இழுக்கும்போது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", விடும்போது "நான் தாழ்ச்சியடையேன்". ஐந்து தடவை போதும்.

ஞாயிறு ஓய்வு சனிக்கிழமையே தொடங்கணும். யாத்திராகமம் 16-இல், மறுநாள் ஓய்வுநாள் என்பதால், வனாந்தரத்தில் தேவன் தந்த உணவான மன்னாவை ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்தார்கள், தலைக்கு இரண்டு ஓமர் (ஓமர் ஓர் அளவு). அதுபோல மாவு, குழம்பு, பிள்ளைகளின் ஆலய உடுப்பு எல்லாம் சனி இரவுக்குள் தயாராகட்டும், கணவர் கையும் சேர்ந்து.