தேனீத் தொப்பியில் வலை நழுவாமல் நிற்க என்ன வழி?

கேள்வி: அகல விளிம்புள்ள ஓலைத் தொப்பி, தலைப்பகுதிச் சுற்றளவு 58 செ.மீ. வலையை ஊக்கு குத்தி மாட்டினால் குனியும்போது இடைவெளி விழுகிறது, தேனீ உள்ளே வந்துவிடுகிறது. தொப்பியோடு சேர்த்துத் தைக்காமல் கழற்றி மாட்டும்படி செய்ய முடியுமா?

பதில் 1: ஊக்கு வேண்டாம், ஓலை கிழியும். எலாஸ்டிக் போதும். 130 செ.மீ. சுற்று, 60 செ.மீ. உயரம் உள்ள வலைக்குழாய் தையுங்கள். மேல் ஓரத்தில் காட்டன் பட்டை வைத்து, 2 செ.மீ. அகல மடிப்பு வரும்படி மடித்துத் தையுங்கள். வெறும் வலையில் தையல் பிரிந்துவிடும். 12 மி.மீ. எலாஸ்டிக் 52 செ.மீ. வெட்டி, ஊக்கில் கோத்து உள்ளே ஓட்டி, 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் சுற்று 50 வரும். விளிம்புக்கு மேலே தலைப்பகுதியில் மாட்டினால் இறுகப் பிடிக்கும். துவைக்கக் கழற்றுவதும் சுலபம்.

பதில் 2: வெல்க்ரோ யோசிக்காதீர்கள் தம்பி, கொக்கிப் பக்கம் வலையைப் பிய்த்துவிடும். முகத்துக்கு நேரே கறுப்பு வலைதான் வையுங்கள். வெள்ளை வலை வெயிலில் கூசும், தேனடையில் முட்டை தெரியாது.

பதில் 3: விளிம்பு 8 செ.மீ.க்குக் குறைந்தாலோ தொங்கினாலோ வலை மூக்கில் ஒட்டும், அதன் வழியாகவே கொட்டும். துணித் தொப்பியானால் விளிம்பு மடிப்புக்குள் கம்பி ஓட்டுங்கள். கீழ் ஓரத்துக்கும் நாடா அவசியம். அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் முன்னால் இழுத்துக் கட்டுங்கள். எலாஸ்டிக் தளர்ந்ததும் மாற்றிவிடுங்கள்.