அப்பா அமெரிக்கக் குடிமகன். 35 வயது மகளுக்கான மனு நிலுவையில் இருக்கும்போது திருமணத்தை நடத்தலாமா?

கேள்வி: (கல்குளம் வட்டத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகே பாட்டியுடன் வசித்துவரும் ஆசிரியை நான். அமெரிக்காவில் செவிலியராக இருக்கும் என் அத்தை, தம் அண்ணனான என் அப்பாவுக்காக 2002-ஆம் ஆண்டில் மனு அளித்தார். 2015 டிசம்பரில் அதற்குரிய முறை வந்தபோது அப்பா, அம்மா, இருபது வயதாகியிருந்த தம்பி ஆகிய மூவருக்கும் விசா கிடைத்தது. 1990 ஆகஸ்டில் பிறந்த எனக்கு 21 வயது கடந்துவிட்டதென்று மறுத்துவிட்டார்கள். அத்தை மனு கொடுத்த நாளே எனக்கும் செல்லும், புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அப்போது ஒரு முகவர் உறுதியாகச் சொன்னதை நம்பி, அப்பா மூன்று ஆண்டுகள் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டார். பிறகு 2019 மார்ச்சில், கிரீன் கார்டு வைத்திருந்த நிலையிலேயே, எனக்கென்று ஐ-130 என்னும் உறவினருக்கான குடியேற்ற மனுவைத் தாக்கல் செய்தார். 2023 ஜூனில் அவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்தார். மனுவும் ஏற்கப்பட்டுவிட்டது.

இப்போது எனக்கு ஒரு நல்ல வரன் அமைந்திருக்கிறது. நிச்சயம் முடித்து, தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, வரும் தை மாதத்தில் திருமணத்தை நடத்திவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். அப்பா குடிமகனாகிவிட்டதால் இனி எனக்குத் தடையில்லை என்று உறவினர் சிலர் கூறுகிறார்கள். திருமணம் செய்தால் மனுவே போய்விடும் என்று வேறு சிலர் கூறுகிறார்கள். இவற்றில் எது சரி? முகவர் சொன்னதுபோல 2002-ஆம் ஆண்டின் நாளை இப்போதாவது கேட்டுப்பெற வழி உண்டா?

மறுமொழி 1: (மார்த்தாண்டத்தைச் சேர்ந்தவர், இதே பிரிவில் சென்று தற்போது அமெரிக்காவில் வசிப்பவர்)

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கையைக் கைவிட்டால்தான் மற்றவற்றைத் தெளிவாகப் பார்க்க முடியும். உடன்பிறந்தார் பிரிவான எஃப்-4-இல் பெற்றோருடன் இணைந்திருந்து வயது கடந்துபோன பிள்ளைகள், பழைய மனுவின் முன்னுரிமை நாளை (வரிசையில் இடத்தைத் தீர்மானிக்கும், மனு கொடுத்த நாளை) தங்கள் பெற்றோர் புதிதாகக் கொடுக்கும் மனுவுக்குக் கொண்டுசெல்ல முடியாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஜூனில், குவேயர் தெ ஒசோரியோ வழக்கில் முடிவுசெய்துவிட்டது. உங்கள் பெற்றோருக்கு விசா கிடைப்பதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்னரே வந்த தீர்ப்பு அது. முகவர் அதை அறியாமல் சொன்னாரா, அறிந்தும் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லால் நீங்கள் மூன்று ஆண்டு வரிசையை இழந்திருக்கிறீர்கள் என்பதை நினைக்கும்போது மனம் வலிக்கிறது.

2002-ஆம் ஆண்டின் குழந்தைகள் நிலைப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு ஏன் உதவவில்லை என்பதும் கணக்கில்தான் இருக்கிறது. விசா எண் கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து, மனு ஏற்கப்படுவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தை மட்டுமே கழிப்பார்கள். ஏற்கப்பட்ட பிறகு வரிசையில் காத்திருந்த ஆண்டுகளைக் கழிக்கமாட்டார்கள். அன்றைக்கு உங்களுக்கு 25 வயது 4 மாதம். அத்தையின் மனுவை ஏற்பதற்கு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தாலும்கூட 22 வயதுக்கு மேல்தான் வரும்.

ஆகவே உங்கள் நாள் 2019 மார்ச். அப்பா உறுதிமொழி எடுத்த அன்றே உங்கள் மனு, நிரந்தர வாசியின் (கிரீன் கார்டு வைத்திருப்பவரின்) மணமாகாத பிள்ளைகளுக்கான எஃப்-2பி பிரிவிலிருந்து குடிமகனின் மணமாகாத பிள்ளைகளுக்கான எஃப்-1 பிரிவுக்குத் தானாகவே மாறிவிட்டது. (படிக்கச் செல்பவர்களின் விசாவையும் எஃப்-1 என்றே அழைப்பார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இனி நீங்கள் திருமணம் செய்தால் மனு போய்விடாது, ஆனால் மணமான பிள்ளைகளுக்கான எஃப்-3 பிரிவுக்கு இறங்கிவிடும். மனு நாள் 2019 மார்ச்சாகவே இருக்கும். எனினும் இரண்டு வரிசைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள்: 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எஃப்-1 வரிசை 2016-ஆம் ஆண்டு மனுக்களை அடைந்திருந்தபோது, எஃப்-3 வரிசை 2011-ஆம் ஆண்டு மனுக்களிடம்தான் நின்றது. இரண்டுக்கும் ஆண்டு ஒதுக்கீடு 23,400 விசாக்கள் என்றே சட்டம் வைத்திருக்கிறது; ஆனால் எஃப்-3-இல் ஒவ்வொரு மனுவுடனும் கணவனோ மனைவியோ, அவர்களுடைய பிள்ளைகளும் அதே எண்ணிக்கைக்குள் வருவதால் அந்த வரிசை மெதுவாக நகர்கிறது.

எஃப்-3-இலும் ஒரு நன்மை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அதில் உங்கள் கணவரும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் உங்களுடனேயே விசா பெறுவார்கள். எஃப்-1-இல் காத்திருந்தால் நீங்கள் தனியாகத்தான் செல்ல வேண்டும். நிரந்தர வாசியாக நுழைந்த பிறகு ஊருக்கு வந்து திருமணம் செய்து, கணவருக்காக, நிரந்தர வாசியின் கணவன் அல்லது மனைவிக்கான எஃப்-2ஏ பிரிவில் மனு கொடுக்க வேண்டும். விசாவைக் கையில் வாங்கியவுடன், விமானம் ஏறுவதற்கு முன்பே திருமணம் செய்துவிட வேண்டாம். மணமாகாதவர் என்ற தகுதியில் கிடைத்த விசா அப்போது செல்லாமல் போய்விடும். நுழைவின்போது முத்திரையிடப்பட்ட குடியேற்ற விசாவே ஓராண்டுக்குக் கிரீன் கார்டாகச் செல்லும் என்பதால், போய் இறங்கிச் சில வாரங்களிலேயே தக்கலைக்குத் திரும்பி ஓலை வாசிக்கச் செய்யலாம்.

நிச்சயதார்த்தத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் ஊருக்குச் சொல்லாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் மட்டும் பதிந்துவைப்பதும் திருமணமே.

மறுமொழி 2: (குழித்துறையிலிருந்து)

சகோதரி, உங்கள் அப்பா 2023 ஜூனில் உறுதிமொழி எடுத்துவிட்டார் என்பதை வாசித்தபோது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறானது. என் அப்பா கிரீன் கார்டு வைத்திருந்த காலத்தில் 2012-இல் எனக்காக மனு கொடுத்தார். குடியுரிமை நேர்காணலில் அவர் தேறிவிட்டார், உறுதிமொழி நாள் மட்டுமே பாக்கி என்ற நிலையில், "தேறிவிட்டாரே, இனி என்ன" என்று எண்ணி 2018 ஜனவரியில் என் திருமணத்தை நடத்தினோம். உறுதிமொழி ஏப்ரலில்தான் நடந்தது. நிரந்தர வாசியின் மணமான பிள்ளைக்கென்று சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லாததால், தாலி கட்டிய அன்றே அந்த மனு ரத்தாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து அப்பா குடிமகனானது அதை உயிர்ப்பிக்கவில்லை. அவர் மறுபடியும் எஃப்-3-இல் மனு கொடுத்தார். எங்கள் வரிசை 2018-இலிருந்து தொடங்குகிறது.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2023 ஜூன் என்று நீங்கள் எழுதியிருப்பது நேர்காணல் நாளா, உறுதிமொழி நாளா என்பதை அப்பாவின் குடியுரிமைச் சான்றிதழை நேரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தொலைபேசியில் வீட்டார் சொல்லும் நாளை நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. "கல்யாணத்தை முடித்துக்கொண்டு, படிவத்தில் மணமாகாதவர் என்று எழுது, இங்கே தேவாலயத்தில் நடந்தது அங்கே யாருக்குத் தெரியும்" என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள், என்னிடம் சொன்னார்கள். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். உண்மையை மறைத்து விசா பெற முயன்றது தெரியவந்தால் வாழ்நாள் முழுவதும் விசா பெறத் தகுதியற்றவராகிவிடுவீர்கள். நுழைந்து பல ஆண்டுகள் கழித்து, கணவருக்காக மனு கொடுக்கும்போது திருமணச் சான்றில் உள்ள நாளே உங்களைக் காட்டிக்கொடுக்கும். கிரீன் கார்டும் பறிபோகலாம்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. தம்பியிடம் சொல்லிச் சான்றிதழின் படத்தை அனுப்பச் செய்தேன். உறுதிமொழி நாள் 2023 ஜூன் என்றே இருக்கிறது. இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. எஃப்-2பி வரிசை எஃப்-1-ஐ விட முன்னே நகர்கிறது என்றும், அதற்கே திரும்பிப் போகலாம் என்றும் தம்பி எங்கோ கேட்டிருக்கிறான்; அது உண்மையா? அப்பாவுக்கு 70 வயது, இதய அறுவை சிகிச்சையும் நடந்திருக்கிறது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் என் மனு என்னவாகும்? என் பிறப்புச் சான்றில் "பெண் குழந்தை" என்று மட்டுமே இருக்கிறது, பெயர் இல்லை. அதில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்து முதலெழுத்துடன் இருக்க, அவருடைய பாஸ்போர்ட்டில் தாத்தாவின் முழுப்பெயரும் சேர்ந்திருக்கிறது.

மறுமொழி 1:

தம்பி கேள்விப்பட்டது உண்மை. நிரந்தர வாசியாக இருந்தபோது மனு கொடுத்த பெற்றோர் பின்னர் குடிமகனானால், பிள்ளை எஃப்-1-க்கு மாற விரும்பவில்லை என்று அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குக் கடிதம் எழுதி எஃப்-2பி-யிலேயே இருக்கலாம். 2025-இல் எஃப்-2பி சில மாதங்கள் முன்னே இருந்தது. ஆயினும் இன்றே எழுத வேண்டியதில்லை. உங்கள் நாள் நெருங்கும்போது, வரிசை எங்கே நிற்கிறது என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டு, எது முந்துகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். திருமணத்தை நடத்தும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுதவே வேண்டாம், ஏனென்றால் எஃப்-3-க்கு இறங்கும் பாதுகாப்பு அப்பாவின் குடியுரிமையால் கிடைத்தது.

அப்பா நீண்ட ஆயுளுடன் இருக்க வேண்டுகிறேன். மனு ஏற்கப்பட்ட பிறகு மனுதாரர் இறந்தால் மனு தானாக ரத்தாகும். ஆனால் மனிதாபிமான அடிப்படையில் அதை மீட்டுத்தரும்படி விண்ணப்பிக்கலாம். அதற்கு வேறொருவர் நிதிப் பொறுப்பேற்க வேண்டும். அப்படிப் பொறுப்பேற்கக்கூடிய உறவினர் பட்டியலில் தாயும் உடன்பிறந்தாரும் உண்டு, அத்தை இல்லை. மீட்டுத்தருவது அதிகாரியின் விருப்புரிமை என்பதால், உங்கள் அம்மாவும் தம் பெயரில் உங்களுக்காக இப்போதே ஒரு மனு கொடுத்துவைப்பது நல்லது. அதன் நாள் பிந்தியதாக இருந்தாலும் முழுவதும் கைவிட்டுப் போகாது. அம்மா இன்னும் கிரீன் கார்டு நிலையில் இருந்தால், குழித்துறைச் சகோதரர் சொன்ன ஆபத்து அந்த மனுவுக்கும் உண்டு.

அப்பா ஓய்வுபெற்றவர் என்பதால் விசாவுக்காக மனுதாரர் கொடுக்க வேண்டிய ஐ-864 என்னும் நிதி ஆதரவு உறுதிமொழிக்குத் தேவையான வருமானம், அதாவது அந்நாட்டு வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காடு, அவரிடம் இல்லாமல் போகலாம். அப்பா இருக்கும்போது கொடுக்கும் இந்த உறுதிமொழியில் அத்தையோ தம்பியோ கூட்டுப் பொறுப்பாளராகக் கையெழுத்திடலாம்.

மறுமொழி 3: (நாகர்கோவிலிலிருந்து, பிறப்பு இறப்புப் பதிவுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர்)

மகளே, 1990-களுக்கு முந்தைய பதிவுகளில் பாதிக்குமேல் உன்னுடையதைப்போலத்தான் இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்லலாம். பிள்ளை பிறந்த வாரத்திலேயே பதிவுசெய்துவிடுவார்கள், பெயரோ ஞானஸ்நானத்தின்போதுதான் வைக்கப்படும், பிறகு யாரும் பதிவாளரிடம் திரும்பி வருவதில்லை. பிறப்பு பதிவாகியிருப்பதே பெரிய காரியம். பதிவான அதே அலுவலகத்தில் பத்தாம் வகுப்புச் சான்றையும் ஞானஸ்நானச் சான்றையும் வைத்துப் பெயரைச் சேர்க்கும்படி விண்ணப்பம் கொடு. உன் அம்மாவின் பெயர் பதிவேட்டில் வீட்டில் அழைக்கும் பெயராக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடு.

பிறப்பே பதிவாகாதவர்களுக்குப் பாதை வேறு. ஓராண்டு கடந்த பதிவுக்கு நிர்வாக நடுவரான வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் உள்ளன, கல்குளம் வட்டத்தார் பத்மநாபபுரத்துக்குத்தான் செல்ல வேண்டும். பெயர் சேர்ப்பதற்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை.

அப்பாவின் பெயர் வேறுபாட்டுக்கு, முதலெழுத்தும் முழுப்பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று அப்பாவே சத்தியப் பிரமாணம் எழுதி, பழைய பள்ளிச் சான்றின் நகலை இணைத்தால் போதுமானதாக இருக்கும். தந்தை மனு கொடுக்கும்போது பெற்றோரின் திருமணச் சான்றும் தேவைப்படும். 2015-இல் உன் அம்மாவுக்கு எந்தச் சான்றின் பேரில் விசா கிடைத்ததோ அதையே மறுபடி வாங்கிவை. தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், இரு மொழியும் அறிந்தவர் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்ட சான்றும் சேர்க்க வேண்டும்.

வளைகுடா நாட்டில் எங்கேனும் ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் அது.

கேள்வி கேட்டவர்:

ஐயா, நான் வெளிநாட்டில் வேலை பார்த்ததில்லை. பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை வரும் திங்கட்கிழமை கொடுத்துவிடுகிறேன். நேற்று மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்த இழையில் உள்ளவற்றை நானே வாசித்துக் காட்டினேன். தை மாதத்தில் நிச்சயத்தை மட்டும் நடத்திக்கொண்டு, நான் சென்று திரும்பிய பிறகு திருமணத்தை வைத்துக்கொள்வதற்கு மாப்பிள்ளை சம்மதித்தார். அவருடைய தாயார் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார். அவர் மறுத்தால் எஃப்-3-ஐ ஏற்றுக்கொண்டு தையிலேயே திருமணம் செய்துகொள்வதாகப் பாட்டியிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். பத்தாண்டுகளாக எனக்காக அழுதுகொண்டிருக்கும் அப்பாவுக்கு அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

மறுமொழி 1:

நீங்கள் எடுத்த முடிவு தெளிவானது, சகோதரி. ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள்: ஏற்கப்பட்ட மனுக்களைக் கையாளும் அமெரிக்கத் தேசிய விசா மையத்தில் உங்கள் மனுவுக்கு எந்த மின்னஞ்சல் முகவரி பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பலருக்கு அது மனுவை நிரப்பிய முகவருடையதாக இருக்கிறது. விசா எண் தயார் என்ற அறிவிப்பு வந்து ஓராண்டுக்குள் பதில் அளிக்காவிட்டால் பதிவையே நீக்கிவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. உங்கள் முகவரியையும் அப்பாவின் முகவரியையும் சேர்த்துவிட்டு, முகவருடையதை நீக்கிவிடுங்கள்.