டிஸ்க் 100 சதவீதம், வேகமோ 1.5 எம்பி: ரேமைக் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

பொறுமையிழந்தவன்:
வணக்கம். என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ரேம், 5400 ஆர்பிஎம் வேகத்தில் சுழலும் 1 டிபி ஹார்டு டிஸ்க் கொண்ட பழைய மடிக்கணினி. விண்டோஸ் 10 ஓடுகிறது. முகப்புத் திரை வந்த பிறகும் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் நான்கைந்து நிமிடங்கள் போய்விடுகின்றன. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் செயலி 15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, ரேமில் பாதி காலியாக இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆனால் அதன் வேகம் விநாடிக்கு 1.5 எம்பி என்றே காட்டுகிறது. பெரிய வீடியோ கோப்பைப் பிரதியெடுக்கும்போது இதே டிஸ்க் 100 எம்பி வரை போகிறது. கடைக்காரர் ரேமை 16 ஜிபி ஆக்கச் சொல்கிறார், நண்பர் ஒருவர் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) வாங்கச் சொல்கிறார். எதற்குச் செலவு செய்வது?

சுழல்தட்டு:
அந்த 100 சதவீதம் வேகத்தின் அளவு அன்று. டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்பதன் அளவு. 5400 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி. வேண்டிய இடம் தட்டைப் படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி விநாடி ஆகும். முள் சரியான தடத்துக்கு நகர்வதற்கு இவ்வகை டிஸ்க்குகளில் சுமார் 12 மில்லி விநாடி ஆகும். இரண்டையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்கு அறுபது முறைக்குள்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு முறையும் 24 கேபி கிடைத்தால் நீங்கள் பார்த்த 1.5 எம்பி கணக்கு ஏறத்தாழச் சரியாக வந்துவிடுகிறது. பரணிலுள்ள பாத்திரங்களை ஏணி வைத்து ஒவ்வொன்றாக இறக்குவது போன்ற வேலை இது. பாத்திரத்தின் கனத்தைவிட ஏறி இறங்கும் நேரமே அதிகம். வீடியோ கோப்பு பெரும்பாலும் அடுத்தடுத்த தடங்களில் இருப்பதால் முள் அலைய வேண்டியதில்லை.

விண்டோஸ் தொடங்கும் நேரத்திலோ வைரஸ் தடுப்பான டிஃபெண்டர், தேடல் அட்டவணை, அப்டேட், அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே ஏற்றும் சிஸ்மெயின் என்று பல சேவைகள் ஒரே முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பே இல்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி விநாடி அளவே ஆகிறது. பாதி ரேம் காலியாக இருக்கும்போது இன்னும் 8 ஜிபி சேர்த்து என்ன பயன்? கடைக்காரர் டாஸ்க் மேனேஜரைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சாலிடர்_புகை:
மேலே சொன்னது சரி, ஆனால் வாங்குவதற்கு முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ என்ற வரியில் சுழியத்தைத் தவிர வேறு எண் இருந்தால், படிக்க முடியாத இடங்களை டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போதும் இதே 100 சதவீதம்தான் தெரியும். அப்படியிருந்தால் முதல் வேலை புகைப்படங்களைக் காப்பாற்றுவது, மற்றதெல்லாம் பிறகு.

நள்ளிரவு_நிரலர்:
என்விஎம்இ பற்றி ஒரு சொல். சாட்டா எஸ்எஸ்டி, அதாவது உங்கள் ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கும் அதே வகை இணைப்பில் பொருந்துவது, தொடர்வாசிப்பில் விநாடிக்கு 550 எம்பி தரும்; பிசிஐஇ 3.0 என்ற வேகமான இணைப்பின் நான்கு வழிகளைப் பயன்படுத்தும் என்விஎம்இ 3500 எம்பி வரை தரும். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது இந்த எண்தான். ஆனால் இயங்குதளம் தொடங்கும்போது நடப்பது பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் 4 கேபி வாசிப்புகள். அதில் சாட்டா வகை 30 முதல் 40 எம்பியும், என்விஎம்இ 50 முதல் 60 எம்பியும் தருவதே வழக்கம். சாட்டா பயன்படுத்தும் ஏஹெச்சிஐ முறையில் கட்டளைகள் காத்திருக்க ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள்; என்விஎம்இயில் 65,535 வரிசைகள் வரை சாத்தியம். டேட்டாபேஸ் சர்வருக்கு அது வரப்பிரசாதம், வீட்டு மடிக்கணினியில் அத்தனை கட்டளைகள் வரிசையில் நிற்பதே இல்லை. தவிர, உங்கள் தலைமுறை மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அதற்கான இடமும் இராது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும். விலை மிகக் குறைந்தவற்றில் டிரேம் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் தற்காலிக நினைவகம்) இருக்காது, ஏறக்குறைய நிரம்பிவிட்டால் எழுதும் வேகம் படுத்துவிடும். ஆகவே கொஞ்சம் இடம் காலியாக விட்டே பயன்படுத்துங்கள்.

பொறுமையிழந்தவன்:
அனைவருக்கும் நன்றி. பெண்டிங் செக்டர் 16 என்று காட்டியது, பயந்துபோய் அன்றிரவே படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். பிறகு 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸைப் புதிதாகவே நிறுவினேன். இப்போது பொத்தானை அழுத்தியதிலிருந்து பிரவுசர் திறக்கும் வரை அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, ரேம் அதே 8 ஜிபிதான். ஒரே ஒரு சந்தேகம்: பழைய டிஸ்க்குக்கு மாதந்தோறும் டிஃப்ராக் செய்வேன், இதற்கும் செய்ய வேண்டுமா?

சுழல்தட்டு:
வேண்டாம். முள் இல்லாத இடத்தில் துண்டுகளை அருகருகே அடுக்கி வைப்பதால் ஆதாயம் மிகக் குறைவு, வீணாக எழுதித் தேய்ப்பதுதான் மிச்சம். ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ சாளரத்தில் உங்கள் டிரைவ் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று காட்டினால் அழித்த கோப்புகள் இருந்த இடம் இனி தேவையில்லை என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை விண்டோஸ் தானாகவே அனுப்பிக்கொள்ளும். அந்தத் தானியங்கி ஏற்பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். டிரிம் இருப்பதால், அழித்த கோப்பை மீட்பது பழைய டிஸ்க்கில் போல எளிதாக இராது. அந்த வெளி டிஸ்க்கில் உள்ள படங்களை அழித்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள்.